மச்சான் குடித்த ஊமத்தங்கூழ்

பேருந்து ஓட்டிப் பிழைத்தவனைப் பயணியாக உட்கார வைப்பதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் சண்டிலிப்பாய் போகும் மினி பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னாலேயே எனக்கு இடம் கிடைத்தது. வழி முழுக்க என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. திருச்சியில் நான் ஓட்டிய அரசுப் பேருந்தில் ஐம்பது பேர் ஏறினாலே நடத்துநர் எரிந்து விழுவார். இங்கே வண்டி எங்கள் வண்டியில் பாதிதான் இருக்கும். அதில் எங்களைவிட அதிகம் பேரை ஏற்றிவிட்டு, "அண்ணை, உள்ளுக்கை போங்கோ, அக்கா, கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ" என்று உறவு சொல்லி இடித்துத் தள்ளினார் நடத்துநர். உறவு சொல்லி இடித்தால் கோபம் வராதோ என்னவோ, யாரும் முகம் சுளிக்கவில்லை.

சீட்டுக்குச் சில்லறை தேடிய என் பேச்சைக் கேட்டதும் பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். "இந்தியாவோ?" என்றார். ஆமாம் என்றேன். "கோயில் பாக்க வந்தனீங்களோ?" என்றார். இல்லை, மச்சானைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இறங்கும்வரை மச்சானின் பெயர், காணி, கிணறு எல்லாம் விசாரித்துத் தனக்குத் தெரிந்த தவராசாவா என்று பார்த்தார். அவருக்குத் தெரிந்தது வேறு தவராசா.

என் மனைவி சாந்தி சண்டிலிப்பாயில் பிறந்தவள். சண்டைக் காலத்தில் சின்னப் பெண்ணாகப் படகேறி வந்து திருச்சி முகாமில் வளர்ந்தவள். அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே கூடப்பிறப்பு தவராசா மச்சான். எங்கள் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். தாய்மாமனைத் தொலைபேசியில் அழைப்பது மரியாதை இல்லை என்றாள் சாந்தி. முழங்கால் அறுவைச் சிகிச்சையால் அவளால் வர முடியாது. ஆகவே தாம்பூலத்தைப் பையில் வைத்துக்கொண்டு நான் வந்தேன். அழைத்துவிட்டு, கீரிமலைக் கேணியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, நாலாம் நாள் ஊர் திரும்புவது என்று திட்டம்.

வேலியின் படலைக் கதவைத் திறந்தது மச்சானின் மனைவி யோகம். புகைப்படத்தில் பார்த்த முகம்தான், ஆனால் ஒரு கண்ணைச் சுருக்கிச் சுருக்கி என்னைப் பார்த்தாள். வெயிலில் நிற்பவனைப் பார்ப்பதுபோல இருந்தது, நான் நின்றதோ மர நிழலில்.

"வாங்கோ அண்ணை. அவர் உள்ளுக்கை கிடக்கிறார். பாத்துப் பயப்பிடாதேங்கோ. மருந்து வேலை செய்யுது."

உள்ளே கட்டிலில் மச்சான் உட்கார்ந்திருந்தார். தொலைபேசியில் 'ம்', 'ஓம்' என்பதற்கு மேல் பேசாத மனிதர், யாரும் இல்லாத மூலையைப் பார்த்துச் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது. கண்பாவை விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. விரல்கள் போர்வையில் எதையோ கிள்ளிக் கிள்ளிப் போட்டன. மச்சான் புகையிலைத் தோட்டம் செய்கிறவர். செடியின் குருத்தைக் கிள்ளுகிறார் என்று யோகம் சொன்னாள்.

"என்ன மருந்தும்மா கொடுத்தீங்க?"

"ஊமத்தங்கூழ்."

கூழ் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒடியல் என்கிற பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சாந்தி காய்ச்சுவது. அதைக் குடிக்க எங்கள் தெருவே வரும். ஊமத்தை எங்கள் பக்கத்தில் சிவனுக்குச் சாத்தும் பூ. அதைச் சாப்பிட்டால் பைத்தியம் பிடிக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தே ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

விஷயம் இதுதான். முந்தாநாள் வீட்டு ஒழுங்கையில் சுற்றித் திரிந்த கட்டாக்காலி நாய் ஒன்று மச்சானின் கெண்டைக்காலைக் கவ்வி இழுத்துவிட்டது. விசர்நாய் என்று இவர்கள் சொல்லும் வெறிநாயின் கடிக்கு ஊமத்தங்கூழ் என்பது இங்கே பழைய கை மருந்து. நேற்று இலை அரைத்து, இன்று விடியக் காய்ச்சிக் கொடுத்தவள் யோகம்தான்.

"ஒருக்கா விசர் வந்து தெளிஞ்சிட்டால், நாயின்ரை விசர் பேந்து வராது அண்ணை. விசர் நல்லா வந்தால்தான் மருந்து பிடிச்சது எண்டு அர்த்தம்."

இப்படிப்பட்ட மருந்தோடு யார் சண்டை போடுவது? குணமானால் மருந்தின் மகிமை, புத்தி பேதலித்தால் அதுவும் மருந்தின் மகிமை. ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடி என்றேன். ஏலாது என்றாள். கூழைக் குடிக்குமுன் மச்சான் அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பத்தியம் முடியும்வரை இங்கிலிஷ் மருந்து உடம்பில் பட்டால் கூழ் முறிந்துவிடுமாம். தான் விசரில் என்ன கத்தினாலும் ஊசி போட விடக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம்.

மச்சான் வாய் காய்ந்து நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய் வாயில் வைத்தேன். ஒரு மிடறு உள்ளே போகவில்லை. தொண்டை அடைத்துப் புரையேறி, செம்பைத் தட்டிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார். யோகம் அதைப் பார்த்து ஓவென்று கத்திவிட்டாள்.

"ஐயோ, தண்ணிக்குப் பயப்பிடுறார்! நாயின்ரை விசர் வந்திட்டுது!"

அந்தப் பயம் எனக்கு உதவியது. சத்தியத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஆட்டோ கூப்பிட ஓடினாள்.

ஆட்டோவில் மச்சானை நடுவில் வைத்து இருவரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். அவருக்கு ரோடு முழுக்க வெள்ளமாகத் தெரிந்தது. சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, "இறங்கி நடப்பம், எஞ்சினுக்குள்ளை தண்ணி போகப்போகுது" என்று ஓட்டுநரை எச்சரித்தார். மானிப்பாய் தாண்டியதும் எஞ்சின் நிஜமாகவே நின்றது. மச்சான் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொன்னேனே கேட்டீர்களா என்று இருந்தது. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஓட்டுநர் பையன் பிளக்கைக் கழற்றித் துடைத்தான். பெட்ரோல் குழாயை ஊதினான். நானும் குனிந்து பார்த்தேன், முப்பது நாற்பது தடவை லீவரை இழுத்தும் உயிர் வரவில்லை. எதிரே சந்தையிலிருந்து வெறும் கூடைகளோடு ஒரு பட்டா வந்தது. எங்கள் ஊர்க் குட்டி யானையைத்தான் இங்கே பட்டா என்கிறார்கள். கையைக் காட்டி மறித்தேன். ஓட்டி வந்தவர் மச்சானை ஒரு பார்வை பார்த்தார், வேறு கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர், நடுரோட்டில் வண்டியைத் திருப்பி எங்களைக் கூடைகளுக்கு நடுவில் ஏற்றிக்கொண்டார். முட்டைக்கோசும் கத்தரிக்காயும் மணக்கிற அந்தப் பெட்டியில் மச்சானைக் கட்டிப் பிடித்தபடி பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். இறங்கிக் காசு நீட்டினால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

பார்த்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. தென்பகுதியிலிருந்து வேலைக்கு வந்த சிங்களப் பெண். மச்சானின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தாதியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். தாதி எங்களுக்குச் சொன்னாள். "கண்ணைப் பாத்தாலே தெரியுதாம், ஊமத்தை. தங்கடை ஊரிலையும் இப்பிடிக் கேஸ் வாறதாம்."

பிறகு டாக்டரம்மா சொல்லச் சொல்லத் தாதி விளக்கினாள். உடம்பு சுரக்கிற நீரையெல்லாம் ஊமத்தை நிறுத்திவிடுகிறது. எச்சில் இல்லை, அதனால் விழுங்க முடியவில்லை. வியர்வை இல்லை, அதனால் கொதிக்கிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, சிறுநீர் பிரியாது. மூளை இல்லாததைக் காட்டுகிறது, பார்க்கிறவருக்கு அது பொய் என்றே தெரியாது. இதெல்லாம் நாயின் விசர் இல்லை, முழுக்க முழுக்க கூழின் விசர். கவனித்துக்கொண்டால் ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.

யோகம் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். டாக்டரம்மா விடவில்லை. கடித்த நாய் எங்கே என்று கேட்டார்.

"அடுத்த நாளே செத்துப்போச்சு. கிடங்கு வெட்டித் தாட்டாச்சு."

அந்தப் பதிலை மொழிபெயர்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. நாயின் விசர் பல நாள் கழித்துத்தான் வரும், வந்தபின் உலகத்தில் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது, வருமுன் தடுக்க ஊசி ஒன்றுதான் வழி என்றார். கூழ் அதைத் தொடக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டால் இப்போதே தொடங்கலாம்.

யோகம் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவர் சாகப்போகிறார் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தாளாம். இப்போது அவர் தெளிவார் என்றாகிவிட்டது, சத்தியமும் திரும்பி வந்துவிட்டது. அவர் வாயால் சொல்லாமல் ஊசி இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறக்குமுன் டாக்டரம்மா யோகத்தின் முகத்தையே உற்றுப் பார்த்தார். டார்ச்சை அவள் கண்ணுக்குத் திருப்பினார். ஒரு கண்பாவை விரிந்து நின்றது, மற்றது சாதாரணமாக இருந்தது. இலை அரைத்த கையால் கண்ணைக் கசக்கியிருக்கிறாள். அந்தக் கண்ணால் நேற்றிலிருந்து எல்லாம் மங்கல். கையைக் காட்டச் சொன்னபோது, மணிக்கட்டில் பல் கீறிய காயம் ஒன்று தெரிந்தது.

"அவரை விடுவிக்க விளக்குமாத்தாலை அடிக்கேக்கை எனக்கும் பட்டது" என்றாள், ஏதோ முள் கீறியதைச் சொல்வதுபோல. "அவருக்குச் சொல்லேல்லை. சொன்னால் எனக்கும் கூழ் தருவார். ரெண்டு பேரும் விசரிலை கிடந்தால் ஆர் பாக்கிறது? அவர் தெளியட்டும், பேந்து நான் குடிப்பம் எண்டு இருந்தனான்."

ஆக இரண்டு உயிர். அவளுக்காவது இப்போதே ஊசி போடச் சொல்லிக் கெஞ்சினேன், அதட்டினேன், சாந்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டு அழவைத்தேன். "அவரைக் கேக்காமல் ஒண்டும் செய்யமாட்டன் அண்ணை" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இருவர் காயத்தையும் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார்கள். அதற்கு மட்டும் சம்மதித்தாள். அவர் தெளிந்த உடனே தொடங்க வேண்டும், நாளை மறுநாளைத் தாண்டக் கூடாது என்று தாதி என்னிடம் தனியாகச் சொன்னாள். ஊசி ஏறாமல் நான் இந்த ஊரைவிட்டு நகர்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

இரண்டாம் நாள் முழுவதும் வார்டில் கழிந்தது. ஆஸ்பத்திரி வாசல் கடையில் இடியப்பமும் சொதியும் வாங்கினேன். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கேட்பேன். இங்கே சர்க்கரை கேட்டதற்குக் கடைக்காரர் என்னையும் ஏதோ நோயாளியாகப் பார்த்தார். சொதியில் பிசைந்து, சம்பலைத் தொட்டு ஒரு வாய் வைத்ததும் நான் செய்த தவறு புரிந்தது. இன்னும் அஞ்சு இடியப்பம் வாங்கினேன்.

மச்சான் அன்று சுருட்டுப் பிடித்தார். கையில் சுருட்டு இல்லை. ஆனால் பற்றவைத்து, இழுத்து, கண்ணைச் சுருக்கிப் புகையை விட்டு, கட்டில் விளிம்பில் சாம்பலைத் தட்டினார். இத்தனை நேர்த்தியாக ஒருவர் சுருட்டுப் பிடித்து நான் பார்த்ததில்லை. வார்டில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அப்புறம் அவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"சாந்தி, ஓடாதை. முள்ளுக் கிடக்கு, செருப்பைப் போடு."

என் சிரிப்பு நின்றுவிட்டது. அரைமணி நேரம் அவர் என் மனைவியோடு பேசினார். அவளுக்கு ஏழெட்டு வயது இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைக்க மறுக்கிறாள், அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினார். யோகம் ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைக்க வந்தாள். அவர் முகத்தைத் திருப்பி, "நீங்கள் ஆர்? ஆரின்ரை வீட்டு ஆள்?" என்று மரியாதையாகக் கேட்டார். அவள் துணியைப் பிழிந்து மறுபடி நெற்றியில் வைத்தாள். கூழ் காய்ச்சிய அவள்மேல் எனக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடத்தோடு போய்விட்டது.

மூன்றாம் நாள் காலை நான் தேநீர் வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது, "மச்சான், எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டார் தவராசா. முகம் வெளுத்திருந்தது. பேச்சு பழையபடி சுருங்கியிருந்தது. இரண்டு நாளும் அவருக்கு நினைவில் இல்லை. பையிலிருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தேன். கிட்டத்து எழுத்து இன்னும் கலங்கலாகத் தெரிகிறது என்று கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"அப்ப நல்லாத்தான் பிடிச்சிருக்கு. நாயின்ரை விசர் விட்டுப் போட்டுது."

"அது கூழோட பைத்தியம் மச்சான். நாயோடது இனிமேதான் வரும். டாக்டர் சொல்லிட்டாங்க."

"டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம். ஊமத்தங்கூழ் குடிச்சு நாய் விசரிலை செத்த ஒராளைக் காட்டுங்கோ பாப்பம்."

"கடிச்ச நாய் எல்லாம் வெறிநாயா? நான் ஒரு தடவை பிரேக் போன வண்டியைப் பச்சமலையில இருந்து கீழே கொண்டுவந்து சேர்த்திருக்கேன். அதுக்காகப் பிரேக்கே வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

சிரித்தார். அவ்வளவுதான். தாதி சொல்லிப் பார்த்தாள். தொப்புளைச் சுற்றிக் குத்துவார்களே என்ற பழைய பயமாக இருக்கும் என்று நினைத்து, இப்போது கையில்தான், கடித்த இடத்தில்தான் என்றும் சொன்னாள். பத்தியம் முறியும் என்றார். கல்யாணத்துக்கு நீங்கள் வர வேண்டாமா என்று என் கடைசிச் சீட்டை இறக்கினேன். "வருவன் மச்சான், எனக்கென்ன? வீட்டை போகத் துண்டு வெட்டச் சொல்லுங்கோ, போவம்" என்றார். நான் தோற்றுப்போய் நின்றேன். பிரேக் போன நாளில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

யோகம் அதுவரை கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். முன்னால் வந்து மணிக்கட்டை நீட்டினாள்.

"இஞ்சை பாருங்கோ. அண்டைக்கு எனக்கும் பட்டது."

மச்சான் கையைப் பிடித்துத் தள்ளி வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கலங்கிய கண்ணுக்கும் அது தெரிந்தது. "ஏன் சொல்லேல்லை?"

"இப்ப சொல்லுறன். நீங்கள் தெளிஞ்சிட்டியள், வீட்டை போவம். வேலிக்கரையிலை மிச்ச ஊமத்தை நிக்குது. உங்கடை கையாலை காய்ச்சித் தாங்கோ. நான் குடிக்கிறன்."

அவள் வாதம் செய்யவில்லை. காய்ச்சித் தந்திருந்தால் குடித்திருப்பாள், அது எனக்கு நிச்சயம். தடுக்கப் போன என்னைத் தாதி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மச்சான் கேட்டார். "நான் இந்த ரெண்டு நாளும் என்ன செய்தனான்?"

அவள் சொன்னாள். போர்வையில் குருத்துக் கிள்ளியது, ரோட்டில் வெள்ளம் கண்டது, தண்ணீர் இறங்காமல் மூச்சு முட்டியது, கை காலைக் கட்டிலோடு கட்டி வைத்தது, மூத்திரம் போகக் குழாய் போட்டது. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"சாந்தியோடை கதைச்சனீங்கள். அவவைத் தெரிஞ்சுது. என்னை ஆரெண்டு கேட்டனீங்கள்."

மச்சான் அவள் கையை விடவில்லை. அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். "உமக்கு வேண்டாம்" என்றார்.

"என்ன வேண்டாம்?"

"கூழ். உமக்கு நான் காய்ச்சித் தரமாட்டன்." தாதியைப் பார்த்துச் சொன்னார். "பிள்ளை, இவவுக்கு ஊசி போடுங்கோ. இப்பவே போடுங்கோ."

யோகம் அசையவில்லை. "அப்ப உங்களுக்கு?"

அந்தக் கேள்வியைத்தான் நானும் டாக்டரம்மாவும் மூன்று நாளாக ஆயிரம் விதமாகக் கேட்டிருந்தோம். ஊசித் தட்டோடு வந்த தாதி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, யார் முதலில் என்று கேட்டாள். மச்சான் எழுந்து உட்கார்ந்து, சட்டைக் கையை இரண்டு பக்கமும் தோள்வரை சுருட்டினார். "நீர் செய்த சத்தியத்தை நான் விட்டாச்சு" என்றார் மனைவியிடம்.

கையில் போட்டார்கள். காயத்தைச் சுற்றிப் போட்டபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார், நான் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். அடுத்து யோகத்துக்குப் போட்டார்கள். முடிந்ததும் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி மச்சான் தாதியைக் கேட்டார்.

"அடுத்தது எப்ப, பிள்ளை?"

தாதி நாளைச் சொன்னாள். தவறவிட்டால் போட்டதற்குப் பலன் இல்லை என்றும் சொன்னாள். இரண்டு நாளும் கண் கலங்காத யோகம் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மச்சான் ஊசி போட்ட கையாலேயே அவள் முதுகைத் தடவினார்.

"வருவம்" என்றார் தாதியிடம். "ரெண்டு பேரும் வருவம்."